தலைக்கு ஏற்ற தலைக்கவசம்: வாங்குமுன் வணிகர்கள் அறிய வேண்டியவை

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. மளிகை வியாபாரிக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். எந்தச் சரக்கு எந்த மூலையில் இருக்கிறது, யார் பேரில் எவ்வளவு பாக்கி, போன வாரம் துவரம் பருப்பு என்ன விலைக்கு வந்தது என்பதெல்லாம் ஏட்டில் இருப்பதைவிட நம் தலையில்தான் அதிகம் இருக்கிறது. கல்லாப்பெட்டிக்குப் பூட்டு போடுகிறோம். அந்தக் கல்லாவை நிரப்புகிற தலைக்கு என்ன பாதுகாப்பு செய்திருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அச்சன்புதூர், வடகரை, பண்பொழி, இலத்தூர் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நம்மில் பெரும்பாலோருக்கு இரு சக்கர வாகனமே சரக்கு வண்டி. விடியுமுன் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கோ தென்காசி மொத்தக் கடைகளுக்கோ புறப்பட்டு, முன்னால் ஒரு மூட்டையும் பின்னால் இரண்டு பைகளுமாகத் திரும்புகிறோம். கிளைச் சாலையைத் தாண்டினால் கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை. கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலை அது. குற்றாலம் சீசன் வந்துவிட்டால் வெளியூர் வாகனங்களும் சேர்ந்துகொள்ளும். சாரலில் தாரும் வழுக்கும்.

என் கடைக்கு எதிர்ச்சாரியில் அண்ணாச்சி ஒருவர் கடை வைத்திருந்தார். பெயர் வேண்டாம். இருபது சாமான் வாங்கினாலும் சிட்டையில் எழுதாமல் மனக்கணக்காகவே கூட்டிச் சொல்வார். ஒரு ரூபாய் பிசகாது. ஒரு சாரல் காலத்து விடியற்காலையில் அவர் வண்டி வழுக்கியது. அவர் ஹெல்மெட் போட்டிருந்தார், வாரையும் மாட்டியிருந்தார். ஆனால் அது அவருடைய மகனின் ஹெல்மெட். இவர் தலைக்கு ஓர் அளவு பெரியது. விழுந்த வேகத்தில் அது முன்பக்கமாகக் கழன்று உருண்டுவிட்டது. வெறும் தலைதான் சாலையில் மோதியது.

உயிர் பிழைத்தார். இன்றைக்கும் கடைக்கு வந்து உட்கார்கிறார். ஆனால் நாற்பதும் முப்பத்தைந்தும் எவ்வளவு என்று கேட்டால் மகனைத் திரும்பிப் பார்க்கிறார். “ஹெல்மெட் போட்டுத்தானே போனார்” என்று தெருவில் எல்லோரும் சொல்லி வருந்தினார்கள். போட்டுத்தான் போனார். அது அவர் தலைக்கு உரியதாக இல்லை. ஹெல்மெட் போடுவது வேறு, தலைக்குப் பொருந்திய ஹெல்மெட் போடுவது வேறு. இந்த வேறுபாட்டை நம் வணிக நண்பர்களுக்கு விளக்கவே இக்கட்டுரை.

ஹெல்மெட் எப்படிக் காக்கிறது?

பலரும் மேலே தெரிகிற கெட்டியான ஓடுதான் தலையைக் காக்கிறது என்று நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். ஓடு கூர்மையான பொருள் உள்ளே இறங்காமல் தடுக்கிறது. அடியை ஓர் இடத்தில் விடாமல் பரப்புகிறது. அடியின் வேகத்தை விழுங்குவது ஓட்டுக்கு உள்ளே இருக்கும் கெட்டித் தெர்மோகோல் அடுக்கு. மோதும்போது அது நசுங்குகிறது. அந்த நசுங்கும் நேரத்துக்குள் தலை சிறிது சிறிதாக நிற்கிறது. மண்டைக்குள் இருக்கும் மூளை சட்டென்று குலுங்கி எலும்பில் மோதாமல் தப்புகிறது. அதற்கும் உள்ளே இருக்கும் துணிப் பஞ்சு மெத்தை தலையைப் பிடித்து நிறுத்துவதற்கும் உறுத்தாமல் இருப்பதற்கும் ஆனது.

நமக்குத் தெரிந்த சரக்கிலேயே உதாரணம் சொல்லலாம். நாமக்கல்லிலிருந்து முட்டை எப்படி வருகிறது? அட்டைக் குழியில் ஒவ்வொரு முட்டையும் அளவாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. லாரி எத்தனை பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் பெரும்பாலும் உடைவதில்லை. அதே முட்டையைப் பெரிய டப்பாவில் போட்டு ஆட்டிக்கொண்டு வந்தால் வீடு சேருமுன் உடைந்துவிடும். டப்பா எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பயனில்லை. தொளதொளத்த ஹெல்மெட்டும் அந்த டப்பா போலத்தான்.

ஹெல்மெட்டின் வரலாறும் ஒரு தலைக் காயத்தில்தான் தொடங்குகிறது. ‘அரேபிய லாரன்ஸ்’ என்று பெயர் பெற்ற ஆங்கிலேய அதிகாரி 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து வீசப்பட்டு, தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெயின்ஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணர். அந்தச் சாவு அவர் மனத்தை உறுத்தியது. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக் காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியதற்கு அவருடைய ஆராய்ச்சி துணையாக இருந்தது. பின்னர் 1953-ல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லம்பார்டு என்பவர், அதிர்ச்சியை உள்வாங்கும் உள்ளடுக்கு கொண்ட ஹெல்மெட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் போடுவது அந்த வழியில் வந்ததே.

இதனால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. உலகின் பல நாடுகளில் நடந்த 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான மதிப்பீட்டின்படி, ஹெல்மெட் அணிவதால் விபத்தில் சாவதற்கான வாய்ப்பு 42 சதவீதமும், தலைக் காயத்துக்கான வாய்ப்பு 69 சதவீதமும் குறைகிறது. இவ்வளவு லாபம் தரும் முதலீடு நம் கடையில் வேறு எதுவும் இல்லை.

முத்திரை பார்த்து வாங்குக

நம் தராசிலும் படிக்கல்லிலும் அரசு முத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஹெல்மெட்டுக்கும் முத்திரை உண்டு. அது ஐ.எஸ்.ஐ. முத்திரை. அதற்கு மேலே ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத இரு சக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

ஆனாலும் சாலையோரத்தில் குவித்து வைத்து விற்பவை இன்னும் இருக்கின்றன. சிலவற்றில் முத்திரைபோல ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஸ் கேர்’ செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால், யார் பெயரில் எந்தப் பொருளுக்கு வழங்கியது என்று காட்டும். கை விரலால் உள்ளே தொட்டும் பாருங்கள். துணிக்கு அடியில் கெட்டியான தெர்மோகோல் அடுக்கு இல்லாமல் வெறும் பஞ்சு மட்டும் இருந்தால் அது ஹெல்மெட் அல்ல, தொப்பி. கட்டட வேலைக்கான தொப்பியும், உச்சந்தலையை மட்டும் மூடும் அரைச் சட்டியும் இதே கணக்குத்தான்.

சட்டத்தையும் ஒரு வரியில் நினைவில் கொள்வோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும், பின்னால் உட்காருபவர் உட்பட, அணிய வேண்டும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் அபராதம் ஆயிரம் ரூபாய். அபராதத்துக்குப் பயந்து எதையாவது தலையில் கவிழ்ப்பதுதான் நம்மிடம் உள்ள குறை. போலீசாருக்குக் காட்டினால் போதும் என்று வாங்கிய ஹெல்மெட் சாலைக்குப் போதாது.

அளவு எடுக்கும் முறை

செருப்பு வாங்கினால் காலில் போட்டு நான்கு எட்டு நடந்து பார்க்கிறோம். ஹெல்மெட்டை மட்டும் “பெரிய சைஸ் ஒன்று கொடுங்கள்” என்று கேட்டு, கையில் மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் ஒன்று போதும். புருவத்துக்கு மேலே ஏறக்குறைய ஓர் அங்குலம் விட்டு, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை நன்றாகப் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை அளந்து, வருவதில் பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். 58 செ.மீ. வந்தால் உங்கள் அளவு 580. ஹெல்மெட்டில் 560, 580, 600 என்று அச்சிட்டிருப்பது இந்த மில்லிமீட்டர் அளவுதான். மீடியம், லார்ஜ் என்ற எழுத்தை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் லார்ஜுக்குச் சமமாக இருப்பதுண்டு. எண்ணைப் பாருங்கள்.

எண் சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. ஒரே சுற்றளவுள்ள இருவரில் ஒருவர் தலை உருண்டையாகவும் மற்றவர் தலை முன்பின்னாக நீண்டும் இருக்கலாம். ஆகவே போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. வார்களை இரு பக்கமும் விரித்துப் பிடித்துத் தலையில் இறக்குங்கள். சற்று முயன்று இறக்க வேண்டியிருந்தால் நல்லது. தொப்பிபோலத் தானாக இறங்கினால் பெரியது.

2. முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் நிற்க வேண்டும். நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னால் சாய்த்துப் போடுவது தவறு.

3. உள்மெத்தை தலையைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒன்றுபோலத் தொட வேண்டும். முழுமுகக் கவசமானால் கன்னங்களைச் சற்று அழுத்திப் பிடிக்க வேண்டும். நெற்றிக்கும் மெத்தைக்கும் நடுவே விரல் எளிதாக நுழைந்தால் வேண்டாம்.

4. கையால் பிடித்து இடமும் வலமும், மேலும் கீழுமாக ஆட்டுங்கள். நெற்றித் தோலும் கன்னமும் ஹெல்மெட்டோடு சேர்ந்து அசைய வேண்டும். தலை நிற்க ஹெல்மெட் மட்டும் சுற்றினால் பொருந்தவில்லை என்று அறியலாம்.

5. வாரை மாட்டுங்கள். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் மட்டும் போக வேண்டும். இப்போது தலையைக் குனிந்து, பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கி மேலே தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். எங்கள் எதிர்ச்சாரி அண்ணாச்சிக்கு இந்த ஒரு சோதனையை யாரும் செய்து காட்டவில்லை.

6. அவசரப்படாமல் கால் மணி நேரம் போட்டுக்கொண்டு கடையிலேயே நில்லுங்கள். கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சிவந்த தடமோ வலியோ இருந்தால் அந்த வடிவம் உங்கள் தலைக்கு ஆகாது. அளவைப் பெரிதாக்காமல் வேறு மாடலைப் பாருங்கள்.

புது ஹெல்மெட் சற்று இறுக்கமாகவே இருக்கும். சில வாரங்களில் மெத்தை படிந்து இளகும். முதல் நாளிலேயே தளர்வாக இருப்பது ஆறு மாதத்தில் ஆடத் தொடங்கும். இரண்டு அளவுக்கு நடுவில் இருந்தால், வலிக்காதவரை சிறியதையே எடுப்பது நல்லது.

நம் பக்கத்துச் சூழலுக்கு ஏற்றவை

சந்தையில் முழுமுகக் கவசம், முகம் திறந்தது, தாடைப் பகுதியைத் தூக்கக்கூடியது என மூன்று வகை உண்டு. நெடுஞ்சாலையில் போய் வருபவர்களுக்கு முழுமுகக் கவசமே பாதுகாப்பு. தாடையும் பல்லும் அதில்தான் தப்பும். புழுக்கம் தாங்காது என்பவர்கள் முன்னும் பின்னும் காற்றுத் துளை உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம்.

எடையை நம் கடைத் தராசிலேயே வைத்துப் பார்க்கலாம். முழுமுகக் கவசம் பொதுவாக 1,200 முதல் 1,500 கிராம் வரை இருக்கும். ஒரே தரமுள்ள இரண்டில் எடை குறைந்தது கழுத்துக்கு இதம். ஆனால் கழுத்து வலிக்குப் பல நேரம் எடை காரணமல்ல. ஆடுகிற ஹெல்மெட்டை நிமிர்த்திப் பிடிக்கவே கழுத்து ஓயாமல் இழுபடுகிறது. பொருந்திய ஹெல்மெட்டின் கனம் சிறிது நேரத்தில் மறந்துபோகும்.

மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் அதையும் கையில் கொண்டு செல்ல வேண்டும். ஹெல்மெட்டை மாட்டிய பிறகு கண்ணாடியின் காம்பு நெற்றிப் பொட்டில் குத்தாமல் நுழைய வேண்டும். முன்கண்ணாடி நிறமற்றதாக இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி விடியற்காலைச் சந்தைக்குப் போகிறவருக்கு ஆபத்து. சாரல் நாளில் மூச்சுப் பட்டு மங்கினால் ஒரு கோடு திறந்து வைத்தால் தெளியும். கீறல் விழுந்த கண்ணாடியில் எதிர் விளக்கு பட்டால் பாதை மறையும். அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தளர்ந்த ஹெல்மெட்டுக்குள் துண்டைச் சுற்றி வைத்து இறுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. துண்டு வழுக்கும், ஹெல்மெட்டும் அதோடு போகும். வியர்வைக்கு மெல்லிய பருத்திக் குல்லாய் போதும். வாங்கும்போதும் அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். செல்போனைக் கன்னத்தோடு செருகி ஆர்டர் எடுப்பவர்களும் உண்டு. போன் நுழைய இடம் இருக்கிறது என்றால் ஹெல்மெட் பெரியது என்று பொருள். அந்த ஆர்டர் ஐந்து நிமிடம் காத்திருக்கும்.

“லூசா இருந்தாத்தான் காத்து போகும் அண்ணாச்சி, காதும் கேக்கும்” என்று விற்கிறவரே சொல்லக்கூடும். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் வெளியிட்ட அறிக்கை, ஹெல்மெட்டால் தேவையான ஒலி மறைவதோ பார்வை குறுகுவதோ விபத்துக்குக் காரணமாகவில்லை என்று கூறியது. காற்றுக்கு வழி துளைகள்தாமே தவிர, தளர்வு அல்ல.

வீட்டாருக்கும் கடைப் பையன்களுக்கும்

நம் கடைகளில் ஒரு வண்டி, ஒரு ஹெல்மெட், மூன்று பையன்கள் என்ற நிலை இருக்கிறது. யார் சரக்குக் கொடுக்கப் போனாலும் ஆணியில் தொங்கும் அதே ஹெல்மெட். ஒருவருக்கு அது இறுக்கம், மற்றவருக்குத் தளர்வு. இறுக்கமானவர் கழற்றி டேங்க்மேல் வைத்துக்கொண்டு போகிறார். தளர்வானவர் வாரை மாட்டாமல் போகிறார். நம் வேலையாகச் செல்லும் பிள்ளைகள் அவர்கள். ஓட்டுநர் உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் தலை அளந்து தனி ஹெல்மெட் வாங்கிக் கொடுத்து, உள்ளே பெயரை எழுதி வைப்பது முதலாளியின் கடமை. தீபாவளிக்குத் துணியோடு சேர்த்து இதையும் கொடுக்கலாம்.

வீட்டுப் பெண்களுக்கு வாங்கும்போது அவர்களை அழைத்துச் செல்லுங்கள். கொண்டையை உயர்த்திப் போட்டால் எந்த ஹெல்மெட்டும் அமராது. பின்னலைத் தாழ்த்திவிட்டு அளவு பார்க்க வேண்டும். பள்ளிக்குப் பின்னால் அமர்ந்து போகும் பிள்ளைகளுக்குச் சிறுவர் அளவிலேயே கிடைக்கிறது. ‘வளர்ந்தால் சரியாகும்’ என்று சட்டை எடுப்பதுபோலப் பெரிதாக எடுக்கக் கூடாது.

பாதுகாத்து வைக்கும் முறை

பெட்ரோல், தின்னர் போன்றவை பட்டால் ஓடும் தெர்மோகோலும் கெடும். பெயிண்ட் டப்பா அடுக்கிய அலமாரியில் ஹெல்மெட்டை வைக்க வேண்டாம். அதன்மேல் கடைப் பெயரைப் பெயிண்டால் எழுதவும் வேண்டாம். வண்டியின் பக்கக் கண்ணாடியில் கவிழ்த்து மாட்டினால் உள்ளடுக்கில் குழி விழும். கழற்றக்கூடிய உள்துணியை மாதம் ஒரு முறையேனும் ஷாம்பூ கலந்த தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் நாற்றமும் அரிப்பும் இராது. தலைக்கு எண்ணெய் வைக்கும் நமக்கு இது மிகவும் தேவை.

ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். உள்ளே நசுங்கிய தெர்மோகோல் மறுபடி எழும்பாது. இந்தக் காரணத்தாலேயே பழைய ஹெல்மெட்டை விலைக்கு வாங்கக் கூடாது. அடிபடாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

வணிக நண்பர்களே! ஒரு மூட்டை மிளகாய் வற்றல் வாங்குமுன் கையை விட்டு அள்ளி, முகர்ந்து, உடைத்து, விதையைப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். நம் தலையைக் காக்கும் பொருளுக்கு அந்தக் கால் மணி நேரம் அதிகமில்லை. இந்த வாரம் கடை அடைத்த பிறகு, ஆணியில் தொங்கும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, வாரைப் பூட்டி, வீட்டில் ஒருவரைப் பின்னாலிருந்து தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால், மறுநாள் சந்தைக்குப் புறப்படுமுன் செய்ய வேண்டிய கொள்முதல் எது என்று உங்களுக்கே தெரியும்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். அப்படிப் போக வேண்டுமானால், அடி விழும் நேரத்தில் தலைப்பாகை தலையில் இருக்க வேண்டும்.